நாகசுரம் கைக்கு வரமாட்டேன் என்கிறது, விடவும் மனமில்லை. எங்கே பிழை?

செங்காங் குழல்:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். வாசிப்பது பாரி நாகசுரம் (நீளமான வகை), 2½ கட்டை சுருதி. சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் முடித்து இப்போது வர்ணம். ஒரு கோயிலில் தொண்டூழியராக வாசிக்கக் கேட்டிருந்தேன். வாசித்துக் காட்டியதும் "சுருதி நிற்கவில்லை, தவிலோடு ஒட்டவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோளாறுகள் இவை:

ஏர்கான் அறையில் ஆரம்பித்தால் சுருதி இறங்கி நிற்கிறது. மண்டபத்துக்கு வந்ததும் ஏறிப் போகிறது. அரைமணி நேரத்துக்குள் உதடு செத்துவிடுகிறது, மேல் ஷட்ஜம் பிளக்கிறது. சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் நாக்கு) ஒவ்வொன்றும் சில நாளில் கெட்டுப்போகிறது, சிலவற்றில் பூஞ்சை. குடியிருப்பது சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. சாயங்காலம் மட்டும்தான் நேரம் கிடைக்கும், அந்த நேரத்தில் அண்டைவீட்டார் கதவைத் தட்டுகிறார்கள்.

சம்பளத்துக்காகவோ மேடைக்காகவோ கற்கவில்லை. முருகன் எனக்கு வைத்த பணி இது என்று மனசு அடித்துச் சொல்கிறது. அப்படியானால் ஏன் ஒவ்வொரு படியிலும் சறுக்குகிறது? இது அவன் "வேண்டாம்" என்று காட்டும் குறிப்பா, அல்லது நான் சரிசெய்யக்கூடிய கோளாறா? விஷயம் தெரிந்தவர்கள் உடைத்துச் சொல்லுங்கள்.

சீவாளிப்பெட்டி:

தம்பி, முருகன் வேண்டாம் என்று சொல்வதற்கு ரொம்ப முன்னாலேயே சீவாளி சொல்லியிருக்கும். நீங்கள் எழுதியதில் அண்டைவீட்டார் தவிர மற்றதெல்லாம் ஒரே சங்கிலி.

முதலில் சுருதி. காற்று சூடானால் துளைக்கருவியின் சுருதி ஏறும், குளிர்ந்தால் இறங்கும். அறை 24 டிகிரி, வெளிமண்டபம் 32 டிகிரி என்றால், கணக்குப்படி அரைச்சுரத்தில் ஏறக்குறைய கால் பங்கு வித்தியாசம். ஊதும் மூச்சின் சூடும் குழலுக்குள் இருப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். ஆனாலும் பக்கத்தில் மின்சுருதிப் பெட்டி ஓடினால் காதைக் குத்தும், ஏனென்றால் பெட்டி நகராது, நாயனம் நகரும். அறையில் இறங்கிய சுருதியைத் தூக்க நீங்கள் உதட்டால் கடித்துப் பிடிக்கிறீர்கள். வெளியே வந்ததும் கருவி தானாக ஏறுகிறது, உதடு மட்டும் கடித்தபடியே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏற்றிவிடும். கடித்த உதடு கால்மணி, அரைமணியில் களைத்துவிடும். களைத்த உதட்டில் மேல் ஷட்ஜம் பிளக்காமல் என்ன செய்யும்?

வாசிக்கப்போகும் இடத்துக்கே 15, 20 நிமிடம் முன்னால் போய்க் கருவியை உறையிலிருந்து எடுத்து வையுங்கள். சீவாளியைக் கழற்றிவிட்டுக் குழலுக்குள் வெறும் மூச்சு விட்டுச் சூடேற்றலாம், சத்தம் வராது. அப்புறம்தான் சுருதி சேர்ப்பது. சீவாளியைக் கெண்டையில் (சீவாளி மாட்டும் உலோகக் குழாய்) உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். ஒரு நெல்லளவு நகர்த்தினாலே தெரியும். கீழே விரல் படாத துளைகளில் மெழுகு வைத்திருந்தால் அதையும் பாருங்கள். வெயிலில் நிறுத்திய காரில் கருவியை விட்டால் மெழுகு இளகி இடம் மாறும். நேற்று வரை சரியாக இருந்த நாதம் இன்று திடீரென்று கோணலாக வருவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்து சீவாளியின் வாய். வாய் அகலமாகத் திறந்திருந்தால் காற்று நிறையக் குடிக்கும், சுருதி இறங்கும், உதடு பாரம் தூக்கும். வாய் மூடிக்கிடந்தால் நாதம் மெலிந்து சுருதி ஏறும், கீழ்ச்சுரங்கள் நிற்காது. ஊறிய பிறகு, காயும் முன், விரலால் திருத்த வேண்டும்: இரண்டு ஓரங்களையும் பக்கவாட்டில் மெல்ல அழுத்தினால் வாய் திறக்கும், தட்டையாக அழுத்தினால் மூடும். காய்ந்த சீவாளியை அழுத்தினால் நுனி பிளக்கும், அதோடு அதன் கதை முடிந்தது. ஊறவைக்க வாயில் வைத்தாலே போதும். அவசரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம். தண்ணீரில் போட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள்.

கெண்டையோடு சேர்த்துக் கட்டிய நூலில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சீவாளி மாட்டிய கெண்டையை மட்டும் எடுத்து, அடித்துளையை விரலால் அடைத்து, ஊதுங்கள். "உஸ்" என்று பக்கத்தில் காற்று போனால் நூலைப் பிரித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். காற்று கசியும் கெண்டையோடு எத்தனை மாதம் சாதகம் செய்தாலும் மூச்சு போதாது. புதிதாகப் படிக்கிறவர்கள் தங்கள் நெஞ்சில் பலமில்லை என்று நினைத்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

பூஞ்சை: நம்மூர் ஈரத்தில் மூடிய பிளாஸ்டிக் டப்பா சீவாளிக்குச் சவப்பெட்டி. ஊதி முடித்ததும் எச்சிலை உதறி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி, காற்றோட்டமான இடத்தில் நிழலில் ஒரு மணி நேரமாவது தொங்கவிட்டு, பிறகு துளையிட்ட பெட்டியில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போதும். நாலைந்து போட்டால் அளவுக்கு மீறிக் காய்ந்து நுனி வளையும். ஒரே சீவாளியைத் தினமும் அடிக்காமல் ஐந்தாறைச் சுழற்றுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வேறு வேறு நிற நூல் கட்டிவைத்தால் எது எந்த நாள் வேலை செய்தது என்று தெரியும். புதிதை முதல் நாளே ஒரு மணி நேரம் ஊதக்கூடாது. ஐந்து, பத்து நிமிடமாகப் பழக்க வேண்டும்.

குழல் மேல் சந்தேகம் வேண்டாம். நாகசுரம் செய்யும் நரசிங்கம்பேட்டை வேலையாக இருந்தால் ஆச்சா மரம், அதிலும் இடித்த பழைய வீட்டுக் கட்டையைத் தேடி எடுப்பார்கள். ஈரமெல்லாம் போய், முறுக்குவதெல்லாம் எப்போதோ முறுக்கி முடித்த மரம் அது. அந்த ஊர் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரம் அரிதாகத்தான் குற்றவாளி.

உதட்டுக்கு: 10 நிமிடம் ஊதி 5 நிமிடம் ஓய்வு. இப்படி நாலு சுற்று. முதல் சுற்று முழுக்க நடு ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும், ஒரே மூச்சில் 12 விநாடி, சுருதிப் பெட்டியில் கலந்து காணாமல் போகிற வரை. மேல் ஷட்ஜத்தை முதல் பத்து நிமிடத்தில் தொடவே வேண்டாம்.

மல்லிகா_புக்கிட் பாத்தோக்:

சத்தம் பற்றி மட்டும். வீவக அமைதி நேரம் இரவு 10.30 முதல் காலை 7 வரை. 2022இல் அக்கம்பக்க இரைச்சல் பற்றிய ஆலோசனைக் குழு இதை 10 முதல் 8 வரை நீட்டலாம் என்று பரிந்துரைத்தது. அதற்காக மாலை 7 மணிக்கு நாகசுரம் ஊதலாம் என்று அர்த்தமில்லை தம்பி. திறந்தவெளிக்காகவே உண்டான வாத்தியம், நாலு மாடி கேட்கும். சமூக மன்றங்களில் இசை அறை மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். பதிவு செய்யும்போதே "கிட்டார் மாதிரி இல்லை, ஷெனாய் வகை, சத்தம் அதிகம்" என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதியில் நிறுத்தச் சொல்வார்கள். அடைத்த அறை என்பதால் காதில் அடைப்பான் கட்டாயம். கோயில் நடை சாத்தியிருக்கும் மதிய நேரத்தில் மண்டபத்தில் பழக விடுவார்களா என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பார்க்கலாம். அனுமதி இல்லாமல் புளோக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்துவிட வேண்டாம், எதிரொலி இன்னும் மோசம்.

வாரநாளில் வீட்டில் செய்யக்கூடியது: சீவாளி மாட்டாமல் விரல் மட்டும், வாயால் சுரம் பாடிக்கொண்டு. பாட வராத கமகம் ஊதவும் வராது, அதனால் இது வீணே இல்லை.

தேக்கா தவில்:

"தவிலோட ஒட்டல"ன்னு சொன்னாங்களே, அதைப் பத்தி யாரும் பேசலையே. எனக்கு அதுதான் முக்கியமாப் படுது.

தம்பி, நீங்க வர்ணம் தயார் பண்ணிட்டுப் போயிருப்பீங்க. கோயிலுக்கு வர்ணம் வேண்டாம். மேளக்காரன் நிக்கிற இடத்திலிருந்து பல கோயில்ல கருவறையே தெரியாது. மணிச் சத்தம்தான் தகவல். தீபாராதனைக்கு மணி அடிச்ச உடனே, ஆலாபனைல எங்க இருந்தாலும், ரெண்டு மூணு மூச்சுக்குள்ள ஷட்ஜத்துல இறங்கி, துரிதத்துக்கு மாறணும். தவில்காரர் காத்துக்கிட்டு இருப்பார். நீங்க சங்கதியை முடிச்சிட்டு வர்றேன்னு இழுத்தா கற்பூரம் அணைஞ்சிடும். இதைப் பழகறதுக்கு வழி: போன்ல அலாரத்தை ஏதாவது ஒரு நேரத்துக்கு வேற யாரையாவது வைக்கச் சொல்லிட்டு ஆலாபனை ஆரம்பிங்க. அடிச்ச உடனே இறங்குங்க. மோகனம், கல்யாணி, சண்முகப்பிரியா மூணுல இது வந்தா மத்ததெல்லாம் தானா வரும்.

அடுத்தது புறப்பாடு. அதுக்கு வாசிக்கற மல்லாரி தெரியாம கோயில் வாசல்ல நிக்கக்கூடாது. கம்பீர நாட்டை, சாகித்யம் கிடையாது, ஜதிக் கட்டுதான். ஒரே மல்லாரியைக் காலம் (வேகம்) மாத்தி மாத்தி வாசிக்கணும், அங்கதான் பழகாத ஆளுங்க தவிலை விட்டு ஓடுவாங்க. ஓடறதுக்குக் காரணம் நூத்துல தொண்ணூறு பேருக்கு மூச்சு. ஆவர்த்தனத்துக்கு நடுவுல, தோணின இடத்துல மூச்சு எடுக்கறது, எடுத்த நேரத்தைப் பிடிக்க வேகமா ஓடறது. நோட்டுல சுரத்தை எழுதி, மூச்சு எடுக்கற இடத்தை சிவப்புல குறிங்க. தினமும் அதே இடத்துலதான் எடுக்கணும். மெட்ரோனோம் 60ல வச்சு, கை தாளம் போட முடியாதுங்கறதால கால் கட்டைவிரல்ல போடுங்க. நாக்கால தட்டற துத்துக்காரம் சரியா விழலைன்னாலும் தாளம் மங்கலாத்தான் கேக்கும். விரலடியை நம்பி நாக்கை மறந்துடாதீங்க.

பிரதோஷத்துல ரிஷப வாகனம் மூணு சுத்து வரும். பல கோயில்ல ஒண்ணு வேதம், ஒண்ணு திருமுறை, ஒண்ணு நாகசுரம்னு பிரிச்சிருப்பாங்க. பாட்டு எப்ப முடியணும்னு பல்லக்குத் தூக்கறவங்க நடைதான் முடிவு பண்ணும். நடந்துக்கிட்டே ஊதிப் பழகினீங்களா? காலடி அதிர்ச்சி சீவாளில தெரியும். மெதுவா, குதிகால் தூக்காம நடந்து பழகுங்க.

காலைல பூபாளம், பௌளி. பள்ளியறைக்கு நீலாம்பரி. இந்த வேளை முறையைத் தெரிஞ்சுக்கிட்டுப் போனா பாதி மரியாதை அங்கயே கிடைச்சிடும்.

குறிப்பு கிறிப்புன்னு எல்லாம் யோசிக்க வேண்டாம். உங்களை அனுப்பினவங்க ரெண்டு காரணம் சொல்லித்தான் அனுப்பிருக்காங்க. காரணம் சொல்லி அனுப்பறது கதவைச் சாத்தறது கிடையாது.

ஓதுவார் வழி:

தவில் அண்ணன் சொன்ன கடைசி வரி சரி. ஆனால் "யோசிக்க வேண்டாம்" என்பதோடு எனக்கு உடன்பாடில்லை. தம்பி கேட்டது இரண்டு கேள்வி, ஒன்றுக்குத்தான் இதுவரை பதில் வந்திருக்கிறது. பக்தியோடு கற்கிறவர்கள் விட்டுவிடுவது உதடு வலியால் குறைவு. தோற்றதும் "நான் நினைத்தது பொய்யோ" என்று உள்ளே ஒன்று இடிந்துபோவதால்தான் அதிகம்.

திருநீலகண்ட யாழ்ப்பாணரை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பந்தர் பாடும் பதிகமெல்லாம் யாழில் வாசித்துக் கூடவே வந்தவர். யாழால்தான் பதிகத்துக்குப் புகழ் என்று உறவுக்காரர்கள் பேச, அது பொறுக்காமல் யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாட வேண்டும் என்று அவரே கேட்டார். தருமபுரத்தில் சம்பந்தர் பாடினார், யாழ்மூரி என்று பெயர். யாழில் வரவில்லை. ஊரறியத் தோற்றார். யாழை உடைக்கவே ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, கருவியில் எவ்வளவு வருமோ அவ்வளவு வாசியும் என்றார். அதற்கப்புறமும் அதே யாழோடு கடைசி வரை கூடவே போனார். அவருடைய பணி பொய் என்று யாரும் சொல்லவில்லை. வராததை வராது என்று ஒப்புக்கொண்டு, வருவதை விடாமல் செய்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. திருநாளைப்போவார் (நந்தனார்) வாசித்தவர் இல்லை. பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தார். அவரும் அதே அறுபத்துமூவரில் ஒருவர். உங்கள் மனசு சொல்வது "முருகனுக்குப் பணி" என்பதா, "முருகனுக்கு நான் ஊதும் பணி" என்பதா? பழைய மேளங்களில் சின்னப் பையன்கள் வருடக்கணக்கில் ஒத்து (சுருதி மட்டும் தரும் துணைக்குழல்) ஊதி, தாளம் போட்டுத்தான் நாயனத்தைத் தொட்டார்கள். இப்போது ஒத்து ஊதுகிற இடத்தில் சுருதிப் பெட்டி வந்துவிட்டது, தாளம் இன்னும் ஆள்தான் போட வேண்டும். இங்கே பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் கலைஞர்கள்தான் வாசிக்கிறார்கள். திருவிழா நாளில் ஜால்ரா போட நம்பகமான ஆள் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். தவிலுக்குப் பக்கத்திலேயே நிற்பீர்கள், மணி, நடை, காலம் எல்லாம் உடம்பில் ஏறும். அது கசந்தால், கூப்பிட்டது யார் என்று திரும்பவும் யோசிக்க வேண்டியதுதான்.

விரதம் பற்றி ஒரு எச்சரிக்கை. தோற்றவர்கள் உடனே செய்வது ஒரு மண்டலம், 48 நாள், தினம் இரண்டு மணி நேரம் என்று வேண்டிக்கொள்வது. இரண்டாம் வாரத்தில் உதடு வெடிக்கும், ஒருநாள் விடுபடும், விட்டதும் குற்றவுணர்வில் மொத்தமும் போகும். நேரத்தைச் சங்கல்பம் செய்யாதீர்கள். "தினமும் விளக்கேற்றிக் கருவியை எடுப்பேன்" என்று மட்டும் வையுங்கள். உதடு புண்ணான நாளில் விரல் சாதகம், பயணத்தில் சுரம் பாடுவது, தீட்டு நாளில் தாளம் போட்டுக் கேட்பது, எல்லாம் அதற்குள் அடங்கும். உபவாசம் இருந்துகொண்டு பாரி ஊதினால் தலை சுற்றும். விரத நாளில் ஊதும் நேரம் பாதியாக இருக்கட்டும், தண்ணீரோ பாலோ குடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

தீர்ப்பு சொல்லும் நாளையும் நீங்களே முடிவு செய்ய வேண்டாம். குருவிடம் ஒரு தேதியைக் கேட்டு வாங்குங்கள், ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அவர் பார்க்க வேண்டியது மூன்று: சுருதி, மூச்சு, லயம். அதுவரை தோற்கிற ஒவ்வொரு தடவையும் எதில் தோற்றது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். எழுதும்போது "நான் லாயக்கில்லை" என்று எழுத இடமில்லை, ஏனென்றால் அது மூன்றில் எதுவும் இல்லை.

தேக்கா தவில்:

ஜால்ரா யோசனை நல்லா இருக்கு. ஒண்ணு மட்டும்: ஜால்ரா போட வர்ற பையன் பெரும்பாலும் தவிலைப் பாத்து வேகம் ஏத்துவான். தவில் கணக்குல எங்கயோ போயிட்டு வரும், ஜால்ரா நகரவே கூடாது. அதுல நின்னுட்டீங்கன்னா மல்லாரில யாரும் உங்களைத் தள்ள முடியாது.

செங்காங் குழல்:

எல்லாருக்கும் நன்றி. கெண்டை சோதனை செய்து பார்த்தேன், நூல் பக்கம் காற்று போகிறது. ஜால்ராவுக்கு நிர்வாகத்திடம் கேட்கப் போகிறேன். ஒரு சந்தேகம்: இணையத்தில் வாங்கிய சீவாளிகளில் பாதி ஆரம்பத்திலிருந்தே சுருதி ஏறிப் பேசுகிறது, வாயைத் திருத்தினாலும் இறங்கவில்லை. இதுவும் நூல் கோளாறா?

சீவாளிப்பெட்டி:

இல்லை தம்பி, அது திமிரிச் சீவாளியாக இருக்கும். திமிரி என்பது குட்டையான, 4, 5 கட்டைக் கருவி, சீவாளி சின்னது. அதைப் பாரியில் மாட்டினால் கெண்டையில் எவ்வளவு இழுத்தாலும் இறங்காது, கீழ் ஸ்தாயி ஒழுங்கில்லாமல் போகும். பழைய நல்ல சீவாளி ஒன்றின் பக்கத்தில் வைத்து நீளமும் நுனி அகலமும் ஒப்பிட்டுப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். சீவி ஒப்பேற்ற முயல வேண்டாம், திமிரி வாசிக்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அடுத்த தடவை சீவாளி செய்யும் திருவாவடுதுறைப் பக்கம் யாராவது போனால் "பாரிக்கு, 2½ கட்டை" என்று எழுதிக் கொடுத்து, உங்கள் கெண்டையின் வாய் அளவையும் நூலில் எடுத்து அனுப்புங்கள். கெண்டைக்குப் பொருந்தாத சீவாளிக்கு நூலைத் தடியாகச் சுற்றிச் சமாளிப்பார்கள், மறுபடி அங்கேதான் காற்று போகும்.